விட்டுக்கொடுத்த படம்

ஏலத்தில் என்னை ஜெயிக்க ஆள் இல்லை என்று பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான். கரையில் நடக்கும் மீன் ஏலத்தைச் சொல்லவில்லை. போனிலும் கம்ப்யூட்டரிலும் நடக்கிற ஏலம். பழைய தபால் அட்டை, பழைய போட்டோ, தீப்பெட்டிப் படம் என்று யார் வீட்டுப் பரணிலோ கிடந்ததையெல்லாம் படம் எடுத்துப் போட்டு விலை கேட்கச் சொல்லும் இணையதளங்கள் இருக்கின்றன. அதில் ஒன்றில் பல வருஷமாக எனக்குக் கணக்கு உண்டு. அங்கேதான் எங்கள் அம்மாவின் இளவயதுப் படம் ஒன்று வந்தது. நாங்கள் அறிந்த வரையில் மிஞ்சியிருந்த ஒரே படம். என் கண் முன்னாலேயே அது வேறொருவர் கைக்குப் போனது. என்னிடம் தந்திரம் இல்லாமல் போகவில்லை. தந்திரம் தெரிந்ததால்தான் போனது. இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்கக் கன்டெய்னர் எண்கள், சரக்குக் காகிதங்கள். சர்வர் அடிக்கடி படுத்துக்கொள்ளும். அப்படிப் படுத்த ஒரு மதியத்தில்தான் அந்தத் தளம் கண்ணில் பட்டது. எங்கள் ஊர்ப் பழைய துறைமுகப் பாலம், நிலக்கரிக் கப்பல், கரையில் இடுப்புத் துணியோடு நிற்கும் கூலியாட்கள், எல்லாம் ஒரு அட்டையில். ஒரு சேலை விலைகூட இல்லை. வாங்கிவிட்டேன். அதோடு பிடித்தது பைத்தியம். "ஊர்ல உள்ள குப்பையெல்லாம் போதாதுன்னு வெளியூர்க் குப்பைக்கும் துட்டு குடுக்கியா?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். குப்பை அல்ல என்று காட்ட ஒரு நல்ல ஆல்பம் வாங்கி அடுக்கினேன். அதற்கும் அவரிடமே துட்டு கேட்டதால் அவர் பேச்சை விட்டுவிட்டார்.

ஏலம் கேட்கும் வித்தையை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. சனிக்கிழமை தோறும் மீன் வாங்கத் திரேஸ்புரம் கரைக்குப் போவேன். வள்ளம் வந்து கூடையைக் கவிழ்த்ததும் ஏலம் சொல்கிறவர் தொடங்கிவிடுவார். சுற்றி நிற்கும் வியாபாரிப் பெண்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். சீலா மீன் வேண்டும் என்று வந்தவள் சீலாவைப் பார்க்கவே மாட்டாள். பக்கத்துக் கூடை நண்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்பாள். மற்றவர்கள் கேட்டு ஓய்ந்த பிறகு, போகிற போக்கில் ஒரு தொகையைச் சொல்லி அள்ளிக்கொண்டு போவாள். என்னிடம் முத்துக்குளிப்பு நடந்த காலத்து அட்டை ஒன்று உண்டு. கரையில் சிப்பியைக் குவித்து வைத்து ஏலம் விடுகிறார்கள். உள்ளே முத்து இருக்குமா இருக்காதா என்று திறந்து பார்க்காமலே கேட்க வேண்டும். அந்தப் படத்திலும் நாலைந்து வியாபாரிகள் நிற்கிறார்கள், ஒருவர்கூடக் குவியலைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்க்கிறார்கள். அதைப் பார்த்ததும் இவர்கள் நம்ம ஆட்கள்தான் என்று தோன்றியது.

நானும் அப்படித்தான். ஏலம் திறந்த அன்றே பாய்ந்து விழுந்து கேட்கிறவர்களைக் கண்டால் எரிச்சல் வரும். ஆசையைக் காட்டினால் விலை ஏறும் என்றுகூடத் தெரியாதா? எங்கள் தளத்தில் ஏலம் ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு முடியும். நான் வாரம் முழுக்க எட்டிப் பார்ப்பதோடு சரி. முடிகிற நேரத்தில், எதிராளி யோசிக்க இடம் இல்லாதபோது, என் தொகையைப் போடுவேன்.

இன்னொரு வித்தை எழுத்துப் பிழை. எங்கள் ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் ஒழுங்காக எழுதத் தெரிந்த விற்பனைக்காரர்கள் குறைவு. தூத்துக்குடி என்று தேடினால் எல்லாருக்கும் கிடைப்பது எனக்கும் கிடைக்கும். அதையே நாலு விதமாகத் தப்புத்தப்பாக எழுதித் தேடினால் யார் கண்ணிலும் படாமல் கிடப்பது எனக்கு மட்டும் கிடைக்கும். போட்டிக்கு ஆளே இராது. வேம்பார், குலசேகரன்பட்டினம், சாத்தான்குளம், நாசரேத் என்று ஒவ்வொரு ஊருக்கும் என்னென்ன பிழை வரும் என்பது எனக்கு அத்துப்படி. படித்த காலத்தில் நானே செய்த பிழைகள்தானே என்று அண்ணன் கேலி செய்வான்.

அண்ணன் நாசரேத்தில் எங்கள் பூர்வீக வீட்டில் இருக்கிறான். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். என் அட்டைகளைப் பார்த்துவிட்டு அவனும் ஒரு கணக்குத் தொடங்கினான். பிழையாகத் தேடும் வித்தையை நான்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அதன் பலனை ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுபவித்தேன். ஏதோ ஒரு பழைய பனங்காட்டுப் படத்துக்கு நான் கேட்க, எதிராளி கேட்க, நான் கேட்க, விலை வானத்துக்குப் போய்விட்டது. தளத்தில் கேட்கிறவர் பெயர் தெரியாது, தொகை மட்டும்தான் தெரியும். கடைசியில் நான் ஜெயித்தேன். அன்று சாயங்காலம் அண்ணன் போனில் புலம்பினான். "எவனோ ஒரு கிறுக்கன், ஏளா. ஒரு பனைமரப் படத்துக்கு அம்புட்டு துட்டு போடுதான். விட்டுட்டேன்." அந்தக் கிறுக்கன் நான்தான் என்று ஒத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஒரு குறி வைத்துக்கொண்டோம். அந்தக் குறியும் அம்மாவிடம் இருந்து வந்ததுதான். எந்தக் கல்யாண வீட்டுக்கு மொய் வைத்தாலும் நோட்டோடு ஒரு ரூபாய்க் காசையும் சேர்த்து வைக்காமல் அம்மா கவரை ஒட்ட மாட்டாள். சுழியில் முடித்தால் அதோடு உறவு முடிந்தது, ஒன்று கூட்டினால் இன்னும் வருவோம் என்று அர்த்தம் என்பாள். அதனால் அண்ணன் சொன்னான்: "நான் கேட்டா ஒண்ணுல முடிப்பேன். நீ கேட்டாலும் ஒண்ணுல முடி. ஒண்ணைப் பாத்தா மத்த ஆளு தொடக் கூடாது." எனக்கும் அது பிடித்திருந்தது. மற்றவர்கள் ஐந்நூறு, எழுநூறு என்று முழுசாகக் கேட்பார்கள். நடுவில் ஒரு ஒன்று தெரிந்தால் அது எங்கள் வீட்டுக் கை. பல தடவை அந்த ஒன்றைப் பார்த்து நான் ஒதுங்கியிருக்கிறேன். அவனும் ஒதுங்கியிருப்பான்.

இனி அம்மாவின் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா கடைசிக் காலத்தில் என்னோடு தூத்துக்குடியில் இருந்தாள். எங்கள் கல்யாணப் படங்கள் உட்பட வீட்டுப் படங்கள் எல்லாம் இருந்த ஆல்பமும் அவளோடு வந்தது. அவள் போன பிறகு அதை என் பீரோவின் கீழ்த் தட்டில் வைத்திருந்தேன். வெள்ளம் வந்த வருஷம் தண்ணீர் இடுப்பளவு வீட்டுக்குள் நின்றது. வடிந்த பிறகு ஆல்பத்தைப் பிரித்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்த இடத்திலெல்லாம் முகங்கள் தோலாக உரிந்து வந்தன. மிஞ்சியது ஆதார் அட்டைப் படமும், அதைப் பெரிதாக்கி அடக்கத்துக்கு வைத்த படமும்தான். இரண்டிலும் அம்மா யாரையோ பயந்து பார்க்கிறாள். எங்கள் அம்மா யாருக்கும் பயந்தவள் அல்ல. "மேல்தட்டில வச்சிருக்கலாம்லா" என்று அண்ணன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அந்த ஞாயிறு கோயிலில் ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, மூன்று மணி வாக்கில் சும்மா தேட உட்கார்ந்தேன். நாசரேத்தை ஒரு எழுத்து விட்டு எழுதித் தேடினேன். ஒரே ஒரு பொருள் வந்தது. ஆசிரியர் பயிற்சிப் பள்ளிப் பெண்களின் குரூப் போட்டோ. எடுத்த போட்டோவைத் தபால் அட்டையாகவே அச்சடித்து ஊருக்குத் தபாலில் அனுப்புகிற வழக்கம் அப்போது உண்டு. இரண்டாவது வரிசையில், இடமிருந்து மூன்றாவதாக நின்ற பெண் வலது முழங்கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கேமரா முன்னால் நிறுத்தினால் அம்மா அப்படித்தான் நிற்பாள். என் கல்யாணப் படத்தில் நின்றாள், அண்ணன் கல்யாணப் படத்தில் நின்றாள். கையைக் கீழே போடச் சொன்னால் போட்டோக்காரரைத்தான் திட்டுவாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குறுக்கே விற்பனைக்காரரின் கடைப் பெயர் சாய்வாக அச்சாகியிருந்தது, வேறு யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக. அந்த எழுத்துகளுக்குப் பின்னால், டீச்சருக்குப் படித்துக்கொண்டிருந்த, இருபது வயதுகூட ஆகாத அம்மா. பயப்படாத அம்மா.

போனை எடுத்து அண்ணனைக் கூப்பிடப் போனேன். அப்போதுதான் விலையைப் பார்த்தேன். ஒரே ஒருவர் கேட்டிருந்தார். எழுநூற்று ஐம்பத்தொன்று.

அண்ணன் முந்திக்கொண்டான் என்று நினைத்தேன். வேறு யார்? ஒரு எழுத்து விட்ட நாசரேத்தைத் தேடுகிற ஆட்கள் உலகத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். ஒன்றில் முடிக்கிற ஆட்களும் நாங்கள்தான். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்பதற்கும் காரணம் கிடைத்தது. அடுத்த வாரம் அம்மாவின் நினைவு நாள். நாசரேத்து வீட்டில் ஜெபம். அன்று என்னைத் திடுக்கிட வைக்கப் போகிறான்.

எனக்கும் வேண்டும் என்று ஒரு துடிப்பு இருந்ததை மறைக்கவில்லை. ஒரு பெரிய தொகையை எழுதிப் பார்த்தேன். அழித்தேன். ஆல்பத்தை நனைய விட்டவள் நான், படம் அவனிடம் இருப்பதுதான் நியாயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலு மணி ஆனது. விற்கப்பட்டது என்று வந்தது, அதே எழுநூற்று ஐம்பத்தொன்றுக்கு. எழுந்து போய் டீ போட்டேன். சொன்னால் வெட்கக்கேடு, பெருமையாக இருந்தது. ஏலத்தில் விட்டுக்கொடுத்து எனக்குப் பெருமை வந்தது அன்றுதான்.

சாயங்காலம் வழக்கம்போல அண்ணன் போன் செய்தான். போர் மோட்டார் ரிப்பேர் என்றான். இறால் விலை ஏறிவிட்டது என்றேன். இருவரும் வழக்கத்தைவிடப் பிரியமாகப் பேசினோம். "வேற என்ன விசேஷம்?" என்று அவன் கேட்டான். "நீதான் சொல்லணும்" என்றேன். "சரி சரி, வா, நேர்ல பாப்போம்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அப்போதுகூட ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விற்பனைக்காரரைப் பிடித்து ஏதாவது செய்திருக்கலாம். அட்டை இன்னும் தபாலில் ஏறியிருக்காது.

நினைவு நாளன்று குரும்பூர் வழி பஸ்ஸில் போய் இறங்கினேன். நடு அறைச் சுவரில் அம்மாவின் ஆதார் முகத்தைக் கழற்றியிருந்தார்கள். வெள்ளையடித்த இடத்தில் புதிதாக ஒரு ஆணி. ஜெபம் முடிந்ததும் மாட்டப் போகிறான் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பக்கமே பார்க்காமல் உட்கார்ந்தேன். சீலா வாங்க வந்தவள் நண்டைப் பார்ப்பதுபோல. அண்ணன் அடிக்கடி என் பையைப் பார்த்தான்.

சர்ச் ஐயர் வந்து ஜெபம் பண்ணினார். வந்தவர்கள் காபியும் கேக்கும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். வீட்டில் நாங்கள் மட்டும் ஆனதும் அண்ணன் ஆணிக்குக் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"எடு, மாட்டுவோம்" என்றான்.

"எதை?"

"விளையாடாத, ஏளா. ஏலம் முடியுததுக்கு முந்தின வெள்ளிக்கிழமையே பாத்துட்டேன். அம்மா கையைப் புடிச்சிட்டு நிக்குதா. ஒண்ணுல முடிச்சிருந்த, அதான் தொடல. உன்கிட்டதான் கடைசிவரைக்கும் இருந்தா. நீ வச்சிக்கிடுததுதான் சரி. இன்னிக்கு ஒரு நாள் இங்கன மாட்டிட்டு நீ கொண்டு போயிரு."

எனக்கு உடனே புரியவில்லை என்று சொன்னால் பொய். முதல் வார்த்தையிலேயே புரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டேன். "அண்ணே, நீதான கேட்ட?"

"நானா? நீ கேட்டிருக்கேன்னுல்லா நான் கேக்கல."

"நீ கேட்டிருக்கேன்னு நான் கேக்கல."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். மாட்டுவதற்காகப் போட்ட நாற்காலி. கணக்கு வாத்தியார் முகத்தில், தப்பான விடை வந்த கணக்கை மறுபடி மேலிருந்து பார்க்கிற பார்வை. "அப்பம் அந்த ஒரு ரூவா யாருது?" என்று கேட்டான். மொய்யில் ஒரு ரூபாய் கூட்டி வைக்காத குடும்பம் இந்தப் பக்கத்தில் எங்கே இருக்கிறது? நாடு முழுக்க நூற்றியொன்றும் ஐந்நூற்றியொன்றும் எழுதுகிறார்கள். அதைப் போய் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்று நம்பியிருக்கிறோம். இதற்கு முன்னால் எத்தனை அட்டைகளை யாருக்கோ இப்படி மரியாதையாக ஒதுங்கி விட்டோமோ தெரியாது. அவை போகட்டும்.

அட்டையை, முடியாவிட்டால் ஒரு நல்ல பிரதியையாவது கேட்டு, அன்றைக்கே அண்ணன் வீட்டில் உட்கார்ந்து விற்பனைக்காரருக்கு எழுதினேன். வடக்கே ஏதோ ஊர்க்காரர், மரியாதையாகப் பதில் போட்டார். அட்டை போய்ச் சேர்ந்துவிட்டது, வாங்கியவர் விவரம் தர முடியாது, நல்ல பிரதி எடுத்து வைக்கவில்லை, தளத்தில் இருப்பதுதான் தன்னிடமும் இருக்கிறது. என் வேண்டுகோளை வாங்கியவருக்கு அனுப்புகிறேன் என்றார். கூடவே ஒரு வரி. அவர் தன்னிடம் எப்போதும் வாங்குகிறவர், தபால் முத்திரை சேர்க்கிறவர், எந்த அட்டையிலும் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார்.

அப்போதுதான் தலைப்பை முழுசாகப் படித்தேன். முத்திரை தெளிவாக விழுந்த பழைய ஸ்டாம்ப் என்பதுதான் முதலில் இருந்தது. பெண்கள் குரூப், ஊர்ப் பெயர் எல்லாம் கடைசியில். அவர் ஊரைத் தேடவில்லை. முத்திரையைத் தேடியிருக்கிறார். எங்கள் எழுத்துப்பிழை வித்தை அவருக்குத் தேவையே இல்லை. பின்பக்கம் மேலே தெரியும்படி ஆல்பத்தில் வைத்திருப்பார். அம்மா கீழே பார்த்துக் கிடப்பாள். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, அவர் தனக்கு வேண்டியதைக் கேட்டார், வாங்கினார். ஆனாலும் கோபம் வருகிறது. என் வேண்டுகோளுக்குப் பதில் இன்றுவரை வரவில்லை.

அண்ணன் தளத்துப் படத்தையே ஸ்டுடியோவில் கொடுத்து அச்சடித்தான். கடைப் பெயரை அழிக்க ஸ்டுடியோக்காரர் முயன்று பார்த்தார். எழுத்தை அழித்தால் அதன் கீழே இருக்கிற கன்னத்தைப் புதிதாக வரைய வேண்டும் என்றார். வரைந்தும் காட்டினார். யாரோ ஒரு பெண். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். இப்போது அந்த ஆணியில் கடைப் பெயரோடுதான் தொங்குகிறது. முழங்கையைப் பிடித்த கை நன்றாகத் தெரிகிறது. முகத்தில் ஒரு கண் தெரிகிறது.

போன மாதம் அங்கே போயிருந்தபோது அண்ணன் அதன் கீழே நின்று சொன்னான்: "அந்த ஆளு என்னிக்காவது விப்பான். வந்தா இனிமே குறியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீயும் போடு, நானும் போடுதேன். அடிச்சுக்கிடுவோம். ரெண்டு பேர்ல ஒருத்தர் கைக்கு வந்தாப் போதும்."

"என்னை ஜெயிக்க உன்னால முடியாது" என்றேன். சிரிக்க முயன்றான், வரவில்லை.

சின்ன வயதில் நாங்கள் எதற்கும் அடித்துக்கொள்வோம். ஒரு பழம், ஒரு பம்பரம், ஜன்னலோர இடம். பள்ளிக்கூடத்தில் அடித்துக்கொள்ளும் பிள்ளைகளை விலக்கிவிட்டு வரும் அம்மாவுக்கு வீட்டிலும் அதே வேலை. "ஏளா, அண்ணனுக்கு விட்டுக்குடு" என்பாள். மறுநாள் "ஏலே, தங்கச்சிக்கு விட்டுக்குடு" என்பாள். எங்களுக்குள்தான் சண்டை. வெளியாள் யாராவது அம்மாவை ஒரு சொல் சொன்னால் இரண்டு பேரும் ஒன்றாகப் பாய்வோம். அவளை யாரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை. இப்போதும் ஞாயிறு மூன்று மணிக்கு அந்த எழுத்து விட்ட நாசரேத்தைத் தேடிப் பார்க்கிறேன். ஒன்றும் வருவதில்லை. அம்மா சொல்லித் தந்ததில் நாங்கள் ஒழுங்காகப் படித்தது அந்த ஒரு பாடம்தான். ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தே அவளை விட்டுக்கொடுத்துவிட்டோம்.